மைக்கில் பன்னீர் வாசனை

காலை பதினோரு மணிக்கு மூக்கரைப் பிடித்த அருவருப்பு அன்று முழுவதும் விடவில்லை.

ஹெலிகாப்டர் கம்பெனி முதலாளியின் அறையில், பாதிச் சுவரை அடைத்திருந்த டிவியில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்குகிறது. ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள். யாரோ ஒரு ஆண் 'அம்மா' என்று அலறுகிறார். அந்த அலறல் அடங்குவதற்குள் கனத்த குரல் ஒன்று கேட்கிறது: "ஹெலிகாப்டரில் வருவது யார்? திங்கள் முதல் வெள்ளி வரை, உங்கள் அபிமானத் தொடரில்."

அலறியவர் நடிகர் இல்லை. அந்தத் தொடரில் லைட் வேலை பார்த்தவர். நடிகர்களின் முகத்தில் வெளிச்சம் விழும்படி வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்தே பதினெட்டு வருஷம் ஓட்டியதால் யூனிட்டில் அவருக்குத் தெர்மாகோல் என்றே பெயர். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், அந்த ஹெலிகாப்டர் குறித்து வைத்த இடத்தில் இறங்காமல் நூறு அடி தாண்டி யூனிட்டின் மேலேயே வந்து இறங்கியது. அந்தக் காற்றில் திரைத்துணி கட்டிய இரும்புச் சட்டம் ஒன்று பிடுங்கிக்கொண்டு அவர் மேல் விழுந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் போட்ட சத்தத்தைத்தான் வெட்டி, இசை சேர்த்து, ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா? நல்லா வந்திருக்குல்ல?" என்றார் முதலாளி.

மூக்கர் டிவியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து, அங்கிருந்த நாற்றம் தாங்காமல் வெளியே வந்து தனியாகத் துப்பறிபவர் அவர். எதையும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணால் பார்ப்பார். இந்தப் பட்டப்பெயர் போலீஸில் வைத்தது. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பது வேறு விஷயம்.

பக்கத்தில் அவருடைய உதவியாள் உட்கார்ந்திருந்தாள். உதவியாள் என்றால் மச்சினிதான், பெண்டாட்டியின் தங்கை. இரண்டு வாரம் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவள் நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கு ஓய்வு கொடுத்தால் வேலை ஓடாது என்பது அவள் கட்சி. வந்ததிலிருந்து முதலாளியின் முகத்தையே உற்றுப் பார்த்தவள் அத்தானின் காதோரம் சாய்ந்தாள்.

"அத்தான், இந்த ஆள நான் எங்கயோ பார்த்திருக்கேன். தினமும் பார்க்கிற மாதிரி இருக்கு."

"பேசாம இரு."

முதலாளிக்கு வேண்டியது பெரிய காரியம் இல்லையாம். மாலை நான்கு மணிக்கு விமானத் துறை அதிகாரி முன்னால் விசாரணை. தப்பு பைலட் மேல்தான் என்று கம்பெனி சொன்னால் மட்டும் போதாது, வெளியாள் ஒருவரும் விசாரித்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். பைலட்டே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாயிற்று. மூக்கர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. தானும் ஒரு காலத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்தான், இப்போது தரையோடு சரி என்றும் சொல்லிக்கொண்டார். பைலட்டின் வாக்குமூலத்தைத் தேடி எடுத்து, சோடா பாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒருதரம் சரிபார்த்துவிட்டு நீட்டினார்.

மூக்கர் படித்தார். இறங்கும் இடத்தைக் கணிப்பதில் தவறிவிட்டேன், முழுப் பொறுப்பும் என்னுடையது. இரண்டே வரி, கீழே கையெழுத்து.

பைலட் வெளியே கொட்டகையில் இருந்தாள். முப்பது வயது இருக்கும், சின்ன உருவம், கையில் துணி. சீல் வைத்த ஹெலிகாப்டரைச் சுற்றி வந்து, துடைக்கத் தேவையில்லாத இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். இறங்கும் இடத்தை யார் குறித்தது என்று மூக்கர் கேட்டார். அவள்தான். அன்று காலையில் மைதானத்தை நடந்து அளந்து, யூனிட்டுக்கு எட்டாத தூரத்தில் ஆரஞ்சுத் துணி விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறாள்.

"நீங்களே விரிச்ச துணிய நீங்களே ஏன் தாண்டினீங்க?"

"இறங்கும் இடத்தைக் கணிப்பதில் தவறிவிட்டேன் சார். முழுப் பொறுப்பும் என்னுடையது."

காகிதத்தில் இருந்ததில் ஓர் எழுத்து மாறவில்லை. நடந்ததைச் சொல்கிறவர்கள் இரண்டாவது தடவை கொஞ்சமாவது வேறு மாதிரி சொல்வார்கள். மனப்பாடம் செய்தவர்கள்தான் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டார். ஒரு தடவை போனேன், அப்புறம் போகவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பியிருந்த ஆள் சீலைப் பிரித்துவிட, மூக்கர் உள்ளே தலையை நீட்டினார். ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காரவேண்டும். இடப்பக்கத்திலும் ஓட்டும் கம்பி இருக்கும், ஆனால் அன்று படப்பிடிப்புக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிட்டார்களாம். வலப்பக்கக் கொக்கியில் ஒரு ஹெட்செட் தொங்கியது. அதன் வயரில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. என்னுடையதுதான், பைலட்டுகள் ஒருத்தர் ஹெட்செட்டை இன்னொருத்தர் போடமாட்டோம், எச்சில் சார் என்றாள் அவள்.

மூக்கர் அதைத் தொடவில்லை, மோந்தார். வாய்க்கு நேரே வரும் மைக்கின் நுனியில் கறுப்புப் பஞ்சு உறை ஒன்று இருந்தது. அதில் லேசாக ஒரு மாநிறத் தீற்றல்.

"பன்னீர்," என்றார்.

"மேக்கப் அத்தான்," என்றாள் மச்சினி. "பேன்கேக். என் கல்யாணத்துல என் மூஞ்சிக்கு இத ரெண்டு இஞ்ச் பூசினாங்க. மாப்பிள்ளை என்னைக் கண்டுபிடிக்கவே நேரமாச்சு."

பைலட்டின் முகத்தில் பவுடர்கூட இல்லை. உறை பழையதா என்று மூக்கர் கேட்டார். புதிது, அன்று காலையில்தான் மாற்றினேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அவள் உதட்டைக் கடித்தாள். மச்சினிக்கு அது போதும். அக்காவோடு உட்கார்ந்து அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவள் அவள். கதையில் நாயகன் பெரிய டாக்டர். அறுவைசிகிச்சையும் செய்வான், ஹெலிகாப்டரும் ஓட்டுவான். அவன் ஓட்டுவதாகக் காட்டும்போதெல்லாம் உண்மையில் ஓட்டியது யார் என்று கேட்டாள். நான்தான், அவர் சட்டையைப் போட்டு, மீசை ஒட்டி, தூரத்தில் தெரிகிற மாதிரி ஓட்டுவேன் என்றாள் பைலட்.

"அப்ப அன்னைக்கும் மேக்கப் போட்டிருந்தீங்களா?"

"இல்ல. அன்னைக்கு நான் நானாத்தான் இருந்தேன்."

பிறகு உறையில் ஒட்டியது யாருடைய முகம் என்று மூக்கர் கேட்டார். அவள் முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். பைலட்டுக்கு உயிர் அவள் பறந்த மணி நேரம்தான். ஒவ்வொரு மணியையும் புத்தகத்தில் எழுதி, கம்பெனி கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்து இல்லாத மணி பறக்காத மணி. அவள் இரண்டு வருஷம் பறந்த அறுநூற்று நாற்பது மணிக்கு முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புத்தகம் அவர் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்றைக்கு விசாரணையில் ஒழுங்காகப் பேசினால் போட்டுத் தருவாராம்.

"விசாரணையில தப்ப ஒத்துக்கிட்டா லைசென்ஸ் போயிடுமே?" என்றாள் மச்சினி.

"ஆறு மாசம் நிறுத்திவைப்பாங்க, அப்புறம் கிடைச்சிடும்னு சொல்றார். புக் போச்சுன்னா நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். யார் எனக்கு ஹெலிகாப்டர் குடுப்பா?"

காரில் ஏறியதும் மூக்கர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை டிராயரில் அடைத்துவைத்துக்கொண்டு ஒரு மனிதன் விளம்பரம் பார்க்கிறான் என்ற நாற்றம் துடைத்தும் போகவில்லை. ஆனால் யாருக்காக? அன்று ஹெலிகாப்டரை வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவன் முகத்தில் மேக்கப் இருந்தது. யூனிட்டில் ஹெலிகாப்டரைத் தொடுகிற அளவுக்கு அதிகாரமும் மேக்கப்பும் இருக்கிற ஆள் ஒருவன்தான்.

"நாயகன்," என்றாள் மச்சினி. "விளையாட்டா எதையோ இழுத்திருக்கான். தொடரு நின்னா ஹெலிகாப்டர் வாடகையும் நிக்கும். அதான் முதலாளி மூடி மறைக்கறார்."

"விளம்பரத்துல அவன் தரையில ஓடறானே."

"அது முதுகு அத்தான். இந்தத் தொடர்ல முதுகு வந்தா அது டூப். நானூறு எபிசோடு பார்த்த எனக்குத் தெரியாதா?"

படப்பிடிப்பு அன்று ஒரு வாடகை பங்களாவில் நடந்தது. வாசலில் வயர்கள், ஜெனரேட்டர் சத்தம், மர நிழலில் தூங்குகிற வேன் டிரைவர்கள். வெள்ளை அட்டையை இன்னொரு ஆள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தெர்மாகோலின் இடத்தை நிரப்ப ஒரு நாள்கூட ஆகவில்லை என்று விசாரித்தபோது தெரிந்தது. டைரக்டர் கைகொடுத்துவிட்டு, பாவம் சார், நல்ல மனுஷன், அந்த ஷாட் மட்டும் பிரமாதமா அமைஞ்சிடுச்சு என்றார். ஹெலிகாப்டரில் வருவது யார் என்று மூக்கர் கேட்டதற்குச் சிரித்தார். அது கதையின் ரகசியமாம், இன்னும் ஆளே முடிவு செய்யவில்லையாம். மூக்கர் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

நாயகன் தன் கேரவனில் ஏசியைக் கூட்டிவைத்து, சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கர் வணக்கம் சொன்ன கையோடு குனிந்து அவன் கன்னத்தை மோந்தார். அவன் சோபாவின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார், வீட்லயும் இப்படித்தான்," என்றாள் மச்சினி.

பன்னீர் இல்லை, எந்த வாசனையும் இல்லை. யூனிட் பேன்கேக் பட்டால் தடித்துவிடுகிறது, அதனால் தனக்குத் தனிப் பெட்டி என்றான் நாயகன். அன்று ஹெலிகாப்டரில் ஏறினீர்களா என்று கேட்டதும் அவன் முகம் வெளிறியது மேக்கப்பையும் மீறித் தெரிந்தது. வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியபடி அவன் ஒப்புக்கொண்டது இதுதான். அவனுக்கு உயரம் ஆகாது. மூன்றாவது மாடியிலேயே தலை சுற்றும். ஹெலிகாப்டருக்குள் அவன் உட்கார்ந்த காட்சி எல்லாமே தரையில், மேலே சுற்றும் விசிறி நின்ற பிறகு எடுத்தது. இரண்டு பக்கமும் நான்கு ஆட்கள் நின்று உலுக்குவார்கள், எதிரே டேபிள் ஃபேன் வைப்பார்கள். அதற்கே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான்.

"மேகத்துக்கு மேல பறந்து குழந்தையக் காப்பாத்தினீங்களே சார்," என்றாள் மச்சினி. "எங்கக்கா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

வெளியே வந்தபோது மணி ஒன்றரை. கையில் இருந்த ஒரே நூலும் அறுந்தது மாதிரி இருந்தது. மச்சினிகூட ஒரு நிமிஷம் பேசவில்லை. மூக்கர் வாசலில் நின்றபடி மெல்ல மூக்கை உயர்த்தினார். ஜெனரேட்டர் புகை, வயர் சூடு, தூசி, அதற்கடியில் மெல்லிய பன்னீர். அது கடைசியில் நின்ற பழைய வேனிலிருந்து வந்தது.

வேனுக்குள் மேக்கப் அக்கா ஒரு துணை நடிகைக்குக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மூக்கில் தொங்கும் கண்ணாடி, பேச்சில் அதிகாரம். வேலை முடிந்து அந்தப் பெண் இறங்கும்வரை இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு என்ன வேணும் என்றார். பேன்கேக்கில் ஏன் பன்னீர் என்று கேட்டார் மூக்கர். குழாய்த் தண்ணீரில் குழைத்தால் பத்து நிமிஷத்தில் வெடித்துவிடும், பன்னீரில் குழைத்தால்தான் முகத்தில் நிற்கும், இந்தப் பழக்கம் இந்த யூனிட்டில் தன் ஒருத்தி கைக்குத்தான் என்றார் அக்கா. அதையும் பெரிய நடிகர்களுக்குப் போடுவதில்லை. அவர்களுக்கெல்லாம் சொந்தப் பெட்டி. ஒரு நாள், இரண்டு நாள் நடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும்தான்.

"விபத்து நடந்த அன்னைக்கு ஒருநாள் ஆள் யாராவது வந்தாங்களா?"

அக்கா டப்பாவை மூடினார். சொல்லமாட்டேன் என்றார். டைரக்டர் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாராம். கதையின் பெரிய திருப்பம் அது, வெளியே போனால் தொடரே படுத்துவிடும் என்று காலை ஆறு மணிக்கே, யூனிட் வருவதற்கு முன்னால், இந்த வேனிலேயே ரகசியமாக மேக்கப் போடச் சொன்னாராம். அவ்வளவு சொன்னதே அதிகம் என்றார்.

அவர் சட்டம் பேசுகிறவர் இல்லை, வாக்கைக் காப்பவர் என்பது மூக்கருக்குப் புரிந்தது. அதட்டிப் பயனில்லை. மூக்கர் உள்ளதைச் சொன்னார். தெர்மாகோலின் கால் போனதற்கு பைலட் பெண்தான் காரணம் என்று இன்னும் இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடுவார்கள். ஆனால் அவள் மைக்கில் இன்னொரு முகத்தின் மேக்கப் இருக்கிறது, அதில் பன்னீர் மணக்கிறது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு மைக்லயா?" என்றார். "அவர் சும்மா பக்கத்துல உட்கார்ந்துட்டு வருவார், கீழ வந்ததும் இறங்கி நடப்பார்னுதானே எங்கிட்ட சொன்னாங்க. ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணுக்கு மீசை ஒட்டறேன் சார். ஒட்டறப்பல்லாம் கூசுதுன்னு சிரிக்கும். அது மேலயா போட்டாங்க?"

அவர் போனை எடுத்தார். மேக்கப் போடுகிறவர்கள் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு அதே காட்சியைத் தொடர்ந்து எடுக்கும்போது பொட்டு ஒரு நூல் தள்ளக்கூடாது, மீசை ஒரு முடி கூடக்கூடாது. விபத்து நாளின் தேதியில், காலை ஆறு இருபதுக்கு எடுத்த ஒரு படத்தைத் தள்ளிக் காட்டினார்.

பைலட் சீருடை. மையிட்டுக் கறுப்பாக்கிய புருவம், நரை மறைத்த தலை, நெஞ்சை நிமிர்த்திய நிற்பு. மச்சினி போனைப் பிடுங்காத குறையாக எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், இது செத்துப்போன அப்பா."

"யாரோட அப்பா?"

"நாயகனோட அப்பா. முதல் எபிசோட்லயே விமான விபத்துல செத்துட்டார். நானூறு எபிசோடா ஹால் சுவத்துல போட்டோவாத் தொங்கறார். நாயகன் தினமும் அதப் பார்த்துதான் அழுவான். நான் பார்த்திருக்கேன்னு சொன்னேனா இல்லையா?" அவள் நிறுத்தினாள். "ஆனா போட்டோல இவருக்குக் கண்ணாடி கிடையாது."

மூக்கர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அந்தத் தடித்த கண்ணாடியை மனசுக்குள் மாட்டிப் பார்த்தார். காலையில் தங்களை வேலைக்கு அமர்த்திய முதலாளி படத்திலிருந்து அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

மிச்சத்தை அக்காவே சொன்னார். ஹெலிகாப்டரைச் சல்லிசாகத் தருகிறேன், என் முகத்தைக் காட்டு என்பதுதான் முதல் நாளிலிருந்து முதலாளி போட்ட நிபந்தனை. சுவரில் படமாக மாட்டினார்கள். அவருக்கு அது போதவில்லை, உயிரோடு வரவேண்டும் என்றார். சரி, செத்த அப்பா தானே ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறார் என்று கதையை வளைத்தார்கள். அன்று காலையில் அவர் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்ததும் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சுவர்ப் படத்தில் கண்ணாடி இல்லையே, ஜனங்கள் தப்பு கண்டுபிடிப்பார்களே. அதனால் கண்ணாடியைக் கழற்றி அக்கா தன் டப்பாவில் பத்திரமாக வைத்தார். விபத்து நடந்து இருபது நிமிஷம் கழித்து அதை வாங்க முதலாளி வேனுக்கு வந்தார். முகமெல்லாம் புழுதி. படியில் கால்வைக்கத் தெரியாமல் கதவைத் தடவித் தடவி ஏறினார்.

"இந்த டப்பாலதான் சார் இருந்தது," என்றார் அக்கா. "நான்தான் கழட்டி வச்சேன்."

மூக்கர் டப்பாவைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் அளந்து விரித்த ஆரஞ்சுத் துணி அந்த ஆள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சுவரில் தொங்கும் ஒரு போட்டோவோடு முகம் பொருந்தவேண்டும் என்பதற்காக, கண் தெரியாத ஒருவன் நூறு பேர் நின்ற மைதானத்தில் ஹெலிகாப்டரை இறக்கியிருக்கிறான். குடித்துவிட்டோ கோபத்திலோ செய்ததை அவர் போலீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். இப்படி அற்பமான ஒன்றைப் பார்த்ததில்லை. வேனை விட்டு இறங்கி ஓரமாகப் போய்த் துப்பினார்.

மூன்று மணிக்கு அவர்கள் முதலாளியின் அறையில் இருந்தார்கள். விசாரணைக்குக் கிளம்பத் தயாராகப் பைலட்டும் கதவோரம் நின்றாள். டிவியில் அந்த விளம்பரம் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கர் போய் அதை அணைத்தார்.

"ரிப்போர்ட் ரெடியா?" என்றார் முதலாளி.

"ரெடி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கண்ணாடியக் கழட்டிட்டு, என் கையில எத்தன விரல்னு சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். மூக்கர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். மச்சினி, மேக்கப் அக்கா அனுப்பிய படத்தைத் திறந்து போனை மேஜைமேல் வைத்துத் தள்ளினாள். அவர் அதை எடுத்துக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். அந்த முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் தன் படத்தை ரசித்தார். மூக்கர் அதைப் பார்த்துவிட்டார். பின்னாலேயே பயம் வந்தது, அதற்குப் பின்னால் பேச்சு வந்தது.

சின்ன வயசு ஆசை சார் என்றார். முப்பது வருஷம் ஓட்டிய கை, கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள் என்பதற்காக மறந்துவிடுமா என்றார். கால் போனவரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குரலை மாற்றினார்.

"இதெல்லாம் மேக்கப் போட்டதுக்குத்தான் சாட்சி. ஓட்டினேன்னு யார் சொல்வா? புழுதியில ஒருத்தன் கண்ணுக்கும் எதுவும் தெரியல. சொல்லவேண்டியவ கையெழுத்துப் போட்டுட்டா. அவ புக்கு என் டிராயர்ல இருக்கு."

"அது அங்கயே இருக்கட்டும் சார்," என்றாள் மச்சினி. "எங்ககிட்ட மீசை இருக்கு."

முதலாளிக்கு விளங்கவில்லை. அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். மேக்கப் அக்கா இரண்டு வருஷமாக எடுத்த படங்கள். டாக்டர் மீசையோடு பைலட், போலீஸ் மீசையோடு பைலட், வில்லன் மீசையோடு சிரிப்பை அடக்கும் பைலட். பின்னால் ஹெலிகாப்டர், கீழே தேதியும் நேரமும். மொத்தம் நூற்றுப் பதினாறு படம். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்ற யூனிட்டின் தினசரிக் குறிப்பும் அக்கா வாங்கிக் கொடுத்திருந்தார். அக்காவும் நான்கு மணிக்கு நேரில் வருகிறார்.

"கூட்டிப் பார்க்கற வேலைய அதிகாரி பார்த்துக்கட்டும்," என்றாள் மச்சினி. "கையெழுத்து இல்லாம பறந்தாங்கன்னு வேணா சொல்லலாம். மீசை இல்லாம பறந்தாங்கன்னு சொல்ல முடியாது."

கதவோரம் நின்ற பெண் நகர்ந்து வந்தாள். மேஜையைச் சுற்றிப் போய் டிராயரைத் திறந்தாள். முதலாளி தடுக்கவில்லை. அவள் நீல அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"கிளம்பற நேரத்துல வந்து ஏறினார்," என்றாள் மூக்கரிடம். "என்னை இடப்பக்கம் தள்ளிட்டு, என் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டார். என் பக்கம் கம்பி இல்ல. துணி தெரியுதா, துணி தெரியுதான்னு கத்தறேன். தெரியுது தெரியுதுங்கறார். இறங்கினதும் புழுதியோட குதிச்சு ஓடிட்டார். விசிறி சுத்திட்டிருக்கு, யாராவது நிறுத்தணும்ல. நான் அந்த சீட்டுக்கு மாறி நிறுத்தினேன். புழுதி அடங்கினப்ப அந்த சீட்டுல நான்தான் இருந்தேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "அந்த ஷாட்டைத் தூக்கிடுவாங்களா?"

மூக்கர் எழுந்து அறையை விட்டு வெளியே வந்தார். கொட்டகைக் குழாயில் முழங்கை வரை கழுவினார். கம்பெனி போனாலும் முதலாளி, நாயகன் உட்கார்ந்த ஹெலிகாப்டரை உலுக்கும் வேலைக்குப் போகலாம் என்று ஏதோ சொல்ல வந்த மச்சினி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நான்கு வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

பைலட் பின்னாலேயே வந்தாள். விசாரணைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். நாற்பது நிமிஷம் என்றார் மூக்கர். ஆஸ்பத்திரி போகிற வழியில்தானே, ஐந்து நிமிஷம் நிறுத்த முடியுமா என்றாள்.

"முதல்ல விசாரணைய முடிப்போம்மா. அப்புறம் நிதானமாப் போகலாமே."

"இல்ல சார், இது முதல்ல." அவள் புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அன்னைக்குப் போனேன்ல. கால் இல்லாம படுத்திருக்கார். என் கையப் பிடிச்சுக்கிட்டு, விடும்மா, நீ வேணும்னேவா செஞ்ச, மனசுல வச்சுக்காதன்னு சொன்னார். நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்த மன்னிப்பு என்னோடது இல்ல சார். திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

மூக்கர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.